கேப்டனின் முதல் பயணம்

"லைஃப் ஜாக்கெட் போடாம என் படகுல யாரும் கால் வைக்கக் கூடாது!"

வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்தபடி அதட்டினார் கேப்டன். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவான அவருக்கு, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிய அன்றே ஒட்டிக்கொண்ட பட்டம் அது. ஆறு மாதமாகச் சனி, ஞாயிறு என்றால் படகைத் தேய்ப்பதும் கழுவுவதும்தான். இன்றுதான் முதல் பயணம். அதற்காகவே மனைவியின் தம்பி, தன் மனைவியோடு நேற்றே வந்து இறங்கியிருந்தான்.

கேப்டன் எஞ்சின் கயிற்றை இழுத்தார். உறுமவில்லை. மறுபடி இழுத்தார். இருமக்கூட இல்லை.

"பாயை விரிச்சுப் போயிடலாமே, மாமா?"

"எஞ்சின் இல்லாம இந்த நெரிசல்ல கிளம்பினா, நாலு படகை இடிச்சுட்டுதான் வெளிய போகணும். கடல்னா விளையாட்டா, மச்சான்?"

"அப்போ எஞ்சினைத் திறந்து பார்க்கட்டுமா?"

"தொடாதே!" என்று கேப்டனும் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள். அக்காவும் பாதி கேப்டன் ஆகிவிட்டாள் என்று தம்பி அசந்துபோனான்.

"சரி, வந்தது வீண்போக வேண்டாம். பராமரிப்பு தெரியாதவன் பயணத்துக்கே லாயக்கில்லை" என்று ஆளுக்கொரு பிரஷ்ஷை நீட்டினார் கேப்டன்.

தம்பி மனைவி கயிறுகளில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் அலசினாள். தம்பி தளத்தைத் தேய்த்தான். படகின் அடியில் தேங்கிய நீரை எப்படி இறைப்பது என்று, அவன் இறைக்க இறைக்க, கேப்டன் உட்கார்ந்தபடி விளக்கினார்.

"அடுத்த வாரம் மெக்கானிக்கைக் கையோட கூட்டிட்டு வர்றேன், மாமா. போயே தீரணும்!" இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் விடைபெற்றான் தம்பி.

அவர்கள் தலை மறைந்ததும் மனைவி அழுதுவிட்டாள்.

"என்னை மன்னிச்சுடுங்க. எஞ்சின் ஒயரைப் பிடுங்கி விட்டது நான்தான். கடலைப் பார்த்தாலே எனக்குக் குலை நடுங்குது. உங்க ஆசையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்."

கேப்டன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"அடிப்பாவி, நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நீச்சல் தெரியாத பயத்துல, விடியக்காலையிலேயே வந்து பெட்ரோல் டேங்குல ஒரு குடம் தண்ணியை ஊத்திட்டேனேடி!"