நனைந்த மேசைவிரிப்பு

போர்க்கப்பல் கேப்டனாக இருந்து அமைச்சரான ஸ்தாவ்ரோஸ், பிரதமர் சாப்பிட வந்த மதியம், மேசைவிரிப்பின்மேல் ஜாடித் தண்ணீரைச் சாய்த்தார். புயலில் தட்டுகள் வழுக்காமலிருக்கக் கப்பலில் அப்படிச் செய்வார்கள்.

“என்னங்க இது? வீடு எங்கயாவது ஆடுமா?” என்றாள் மனைவி எவந்தியா.

“ஆடுது. உனக்குத் தெரியல.”

“கேப்டன் இன்னும் கரையேறல போல,” என்று சிரித்த பிரதமர், தன் பக்கத்தை மட்டும் நனைக்க விடவில்லை. மீனைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: “உங்க பழைய கப்பலை இரும்புக்குப் போட்டுடலாம். நாளைக்குச் சபையில நீங்களே அறிவிச்சிடுங்க. மனசில்லேன்னா பதவியை விட்டுடுங்க.”

ஸ்தாவ்ரோஸ் மேசைக்கடியில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

பிரதமரின் தட்டு மெல்ல நகர ஆரம்பித்தது. எவந்தியா தன் கிளாஸை இறுகப் பிடித்துக்கொண்டாள்.