விற்காத கத்தரிப்பூச் சட்டைகள்

கொலம்பியாவின் மெதெயின் நகரில் ஹெர்னான் நடத்திவந்த துணிக்கடையில், அறுபது கத்தரிப்பூ நிறச் சட்டைகள் ஒரு வருடமாக விற்காமல் கிடந்தன.

ஆடை விற்பனை மேலாண்மை படிக்க வேண்டும் என்று மகள் யாதிரா கேட்டபோது, அவர் அந்தச் சட்டைகளைக் காட்டினார்.

"துணி விக்கிறதுக்கு எதுக்கும்மா காலேஜ்? நான் படிச்சிட்டா விக்கிறேன்? முதல்ல இதை வித்துக் காட்டு. அப்புறம் பேசலாம்."

யாதிரா சட்டைகளை வாசலுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளை ஜீன்ஸோடு சேர்த்துப் பொம்மைகளுக்கு மாட்டி நிறுத்தினாள். பத்தே நாளில் அத்தனையும் விற்றுப்போயின.

ஹெர்னானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா? ரத்தத்துலயே இருக்கு. இனிமே உனக்கெதுக்குக் காலேஜ்? பேசாம கடையைப் பார்த்துக்கோ."

வென்றதே வினையாகிவிட்டது. யாதிரா பையிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. நாலு வருஷப் படிப்புக்கு விடமாட்டீங்கன்னு, ரெண்டு வருஷ டிப்ளமால சேர்ந்துட்டேன். நீச்சல் வகுப்புன்னு தினமும் போனது அங்கதான். எதை எதோட மாட்டினா விக்கும்னு போன மாசம்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

ஹெர்னான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி அஞ்சாகுது. வகுப்புக்குப் போகாம இங்க என்ன பேச்சு?"