மூன்று பள்ளம்

“ராஜா காலத்துப் போர்க்கத்தி மச்சான்! வர்ற வழியில ஹட்டன் பழைய சாமான் கடையில பிடிச்சேன்” என்றேன்.

என்னைப் போலவே ஆயுதப் பைத்தியங்களான கொழும்பு நண்பர்கள், அக்கரப்பத்தனையில் என் மாமனார் வீட்டு வாசலில் நின்று அதன் வளைந்த அலகைத் தடவித் தடவி ரசித்தார்கள்.

“பிடியில நாலு விரலுக்கு மூணு பள்ளம்தானே இருக்கு?” என்றான் ஜூட்சன்.

“வீரன் சுண்டுவிரலை மடக்கித்தான் வீசுவான். அது ஒரு வித்தை” என்று அளந்துவிட்டேன்.

“நீங்க பிடிங்க ஐயா” என்று மாமனாரிடம் நீட்டினான் அவன்.

பிடித்தார். அவருடைய மூன்று விரல்களும் பள்ளங்களில் அச்சாக உட்கார்ந்தன. சுண்டுவிரல் இளவயதிலேயே தேயிலை மெஷினில் போய்விட்டது. முப்பது வருடம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய கத்தியை, வேலையை விட்டதும் பழைய இரும்புக்காரனிடம் போட்டதாக ஒருமுறை சொல்லியிருந்தார்.

நான் தலை குனிந்துகொண்டேன்.

“மாப்பிள்ள சொல்றது சரிதாங்க தம்பி. போர்க்கத்திதான்.”