வாட்டர் எது?

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? இதுல வாட்டர் எதுன்னு எடுங்க சிஸ்டர், பாப்போம்."

சென்னையிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி, மேசைமேல் இரண்டு குப்பிகளை வைத்தார்.

நர்ஸான அவள் இரண்டையும் பார்த்தாள்.

ஒன்று வாட்டர். ஊசி மருந்துப் பொடியைக் கரைக்கிற சுத்தத் தண்ணீர்.

இன்னொன்று பொட்டாசியம். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் நெஞ்சு நின்றுவிடும்.

இரண்டுக்கும் அதே பிளாஸ்டிக். அதே உயரம். அதே பொடி எழுத்து.

போன மாதம் ஒரு நாள் பிரசவ வார்டு முழுக்க பொன்கனி ஒருத்திதான் நர்ஸ். ஓடின ஓட்டத்தில் மாற்றி எடுத்துவிட்டாள். பிள்ளை பெற்ற மறுநாளே போய்ச் சேர்ந்தாள் இசக்கியம்மாள். பொன்கனியை சஸ்பெண்ட் செய்தார்கள். துறைக்கு அதோடு விஷயம் முடிந்தது. குப்பிகள் மட்டும் இன்னும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்.

அதைத்தான், பொன்கனியோடு வேலை பார்த்த இவள் எழுதிக் கொடுத்தாள். அதற்குத்தான் இந்தச் சோதனை.

நல்ல சோதனைதான் போங்கள்! தலைமை மருத்துவரின் ஏசி அறை. பளீரென்ற விளக்கு. அலறுகிற நோயாளி இல்லை, கூப்பிடுகிற டாக்டர் இல்லை. இங்கே நிதானமாகப் படித்தால் யாருக்குத்தான் தெரியாது?

இடதுபக்கம் இருப்பது வாட்டர்.

சரியாக எடுத்தால் புகார் பொய். எல்லாப் பழியும் பொன்கனி தலையில். அலமாரி அப்படியே இருக்கும்.

தப்பாக எடுத்தால் புகார் நிற்கும், ஆனால் இவள் வேலைக்கும் உலை.

இரண்டு பிள்ளைகள், படிக்கிற வயது. சே, என்ன பிழைப்பு இது.

போனால் போகிறது.

வலதுபக்கத்துக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

அதிகாரி வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். தலைமை மருத்துவரிடம் கொடுத்தார். அவரும் திருப்பிப் பார்த்தார். தலையாட்டினார்.

"கரெக்டாத்தான எடுத்திருக்கீங்க! அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார் அதிகாரி.

அவர்கள் கையில் இருந்தது பொட்டாசியம்.

அதிகாரி எழுந்துகொண்டார். குப்பியைத் திரும்ப வாங்கி, வாசலில் நின்ற வார்டு ஆயாவிடம் நீட்டினார். "வாட்டர் பெட்டியில போட்டுரும்மா."

ஆயா வாங்கிக்கொண்டு நடந்தார்.

அவள் ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். ஆயாவின் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கினாள். அதிலிருந்த பொடி எழுத்தை அதிகாரியின் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.

"சத்தமா வாசிங்க சார்."