யாரும் சாகாத கட்டு

நாலு பேர் ஆடும் மாயாஜாலச் சீட்டாட்டம் அது. ஆளுக்கு நூறு சீட்டு. மற்ற மூவரையும் வீழ்த்துகிறவருக்கே ஜெயம். ஜெசிந்தா தன் சீட்டுக்கட்டிலிருந்து டிராகன்களையும் விஷக்காரிகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். அந்த இடங்களில் மருத்துவச்சிகளும் சுனைகளும் மதில்களும் காயம் ஆற்றும் தேவதைகளும் குடிவந்தார்கள். இதை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. ஆனால் ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த குமணன் ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறான். அவன் எதிரே யாரையும் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மற்ற இருவருக்கும் போன் போட்டாள். "ஆட்டத்துல சீட்டுப் பூதம் எதுவும் அடிபட்டா 'செத்துப்போச்சு'ன்னு சொல்லக் கூடாது. 'வெளியூர் போயிருக்கு'ன்னு சொல்லுங்க."

மொட்டைத் தலையில் முடி குச்சி குச்சியாக முளைத்திருக்க, குமணன் வந்தான். யாரையும் நலம் விசாரிக்க விடாமல் சீட்டைக் கலைத்தான். அவன் இறக்கிய முதல் இரண்டு பூதங்களும் அடிபட்டு 'வெளியூர்' போயின. மூன்றாவதாக ஒரு எலும்பு ராட்சசனை இறக்கி, ஜெசிந்தாவின் மதிலை இடித்து, சுனையைத் தூர்த்து, கடைசித் தேவதையையும் சாய்த்தான்.

"ஐயோ, செத்தேன்!" என்று கத்திவிட்டாள் ஜெசிந்தா.

மற்ற இருவரும் அவளை முறைத்தார்கள். குமணன்தான் முதலில் சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை.

"அப்பாடா! வெளியூர் வெளியூர்னு சொல்றீங்களே, நான் இல்லாதப்போ ரூலை மாத்திட்டீங்களோன்னு பயந்துட்டேன் அக்கா. சரி, அடுத்த ஆட்டத்துக்காவது உங்க டிராகனை எடுங்க."

ஜெசிந்தா கைப்பையைத் திறந்தாள். எல்லா டிராகன்களும் அதில்தான் இருந்தன.