அசையாத காந்தாரம்

ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் முப்பத்தாறு பேரின் காதிலும் பள்ளிக்கூடம் கொடுத்த சுருதிமணி இருந்தது. யார் எப்படிப் பாடினாலும் அது பிசகைத் திருத்தி, நேரான சுரமாகக் காதில் சேர்த்துவிடும். பாட்டு டீச்சர் செண்பகவல்லிக்கு மட்டும் அது கிடையாது. அதனால் முப்பத்தாறு சுருதியையும் அவள் ஒருத்திதான் கேட்டாள்.

போன வருடம் ஒருநாள் மணியைக் கழற்றிவிட்டுப் பாடச் சொன்னாள். சொந்தக் குரலைக் கேட்டு இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "இனிமே கழட்டச் சொல்லாதீங்க டீச்சர்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

இன்று தோடி. அந்த ராகத்தில் காந்தாரம் என்ற சுரம் ஓர் இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அசைந்தால்தான் அது தோடி. செண்பகவல்லி கண்ணை மூடி, அந்த அசைவைக் கையாலும் காட்டிக்கொண்டே பாடினாள். குரல் இவ்வளவு நன்றாகப் பேசி நாளாயிற்று.

யாரோ கையைத் தொட்டார்கள். முதல் வரிசை தஸ்லீமா எழுந்து வந்திருந்தாள்.

"டீச்சர், ஒங்களுக்குக் கை நடுங்குது. எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"நடுக்கம் இல்ல தாயி. சுரம் அசையுதுல்லா, அதைத்தான் காட்டுதேன்."

தஸ்லீமா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் எதுவும் அசைந்து கேட்டிருக்கவில்லை.

"சுரம் நேராத்தான் இருக்கு டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையை இறுக்கிக்கொண்டாள்.

"இப்ப பாடுங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."