பக்கத்து சீட்டுச் சாட்சி

இன்சூரன்ஸ் இல்லாதவன் வந்து இடித்தாலும் தனக்கு நட்டமில்லை என்று கனகலிங்கம் லண்டன் லூயிஷாம் கோயிலில் சொல்லாத வெள்ளிக்கிழமையில்லை. அதற்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருந்தார். காரின் முன்கண்ணாடியில் கமெராவும் பூட்டியிருந்தார். அப்படி ஒருவன் உண்மையிலேயே இடித்ததும், இன்சூரன்ஸ் முகவர் நிசாந்தனின் கந்தோருக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

“எனக்கு ஆருடைய தயவும் தேவையில்லைத் தம்பி. கமெராப் பதிவிருக்கு. ஒண்டும் வெட்டாமல் கொம்பனிக்கு அனுப்பும்.”

நிசாந்தன் அதை ஓடவிட்டுப் பார்த்தான்.

“பிழை அவனிலதான், வடிவாத் தெரியுது அங்கிள். பக்கத்தில இருந்த அன்ரியும் சாட்சி சொன்னால் இன்னும் நல்லம்.”

“எந்த அன்ரி?”

“வழி முழுக்க, ‘கலா, குளிருதே? கலா, பெல்ற்றைப் போடும்’ எண்டு கதைச்சுக்கொண்டு வாறியளே.”

கனகலிங்கம் மேசையைப் பார்த்தார்.

“அவ செத்து மூண்டு வருசம். தம்பி, அந்தச் சத்தத்தை மட்டும் வெட்ட ஏலுமே?”